காரில் பெரிய ஆம்ப்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும்

காரில் 500 வாட், 1000 வாட் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) மாட்டியவர்கள் கொண்டுவரும் புகார்கள் மொத்தமே ஏழெட்டுதான். ஃபியூஸ் போகிறது, பாட்டு பாதியில் நிற்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தம், காலையில் வண்டி கிளம்பவில்லை. வண்டி மாறும், ஆம்ப் மாறும், புகார் மாறாது. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஆம்ப் நன்றாகவே இருக்கும். கோளாறு வயரில் இருக்கும், அதைவிட அதிகமாக வயரின் இரண்டு முனைகளில் இருக்கும்.

அதனால் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

## கை வைக்கும் முன்

என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். வயரைக் கழற்றும் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதுதான் கடைசி. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியாக ஓடும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பலருக்கு அதன் மேல் பயமே இல்லை. ஆனால் அதே 12 வோல்ட் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் பழுக்கக் காய்ச்சிவிடும். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதனால் அதன் அருகே தீப்பொறி ஆகாது.

மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறையோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயர். தொடாதீர்கள், மீட்டரும் வைக்காதீர்கள். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடும். அதில் இருப்பது உயிரைப் பறிக்கும் வோல்டேஜ். அந்தப் பக்கம் துளை போடுவது, வயர் செருகுவது எதுவும் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், இருமுனையிலும் கிளிப் வைத்த ஐந்து மீட்டர் மெல்லிய வயர், உப்புத்தாள், டார்ச், சரியான அளவில் இரண்டு மூன்று ஃபியூஸ். கூடவே 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு வயருடன் தயாராக வையுங்கள். அதன் வேலை கீழே வருகிறது.

ஃபியூஸ் பற்றி ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன். பேட்டரி அருகே இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அதனால் அதன் அளவை வயரின் தடிமன்தான் முடிவு செய்யும். கேஜ் எண் குறையக் குறைய வயரின் தடிமன் கூடும். சுத்தமான செம்பு வயரில் 8 கேஜுக்கு 50 ஆம்பியர், 4 கேஜுக்கு 125, ஜீரோ கேஜுக்கு 300, இதற்கு மேல் நான் போட மாட்டேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள். அதற்கு முன்னால் இருக்கும் வயருக்கு எந்தக் காவலும் இல்லை என்று அர்த்தம். போகிற ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸ் போடுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் நெருப்பை வண்டிக்குள் அழைத்து வருவதற்குச் சமம்.

## அறிகுறி: கருகல் வாடை, புகை, தொட முடியாத சூடு

பாட்டை நிறுத்தி, வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்குங்கள். தீ தெரிந்தால் பானெட்டைத் திறக்காமல் விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வெறும் வாடைதான், புகை அடங்கிவிட்டது என்றால் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

பிறகு பேட்டரி முனையில் தொடங்கி ஆம்ப் வரைக்கும் கண்ணாலும் விரலாலும் தடவிப் பாருங்கள்.

### ஓர் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது

அது லூஸ் இணைப்பு. ஃபியூஸ் ஹோல்டரின் ஸ்க்ரூ, பேட்டரி கிளாம்ப், ஆம்ப்பின் டெர்மினல், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 100 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 100 வாட் வெப்பம் கிளம்பும். 60 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும், இது அதைவிட அதிகம். இந்த நிலையில் ஃபியூஸ் போகாமலே எல்லாம் கருகலாம், ஏனென்றால் ஓடும் கரன்ட் அளவுக்குள்தான் இருக்கிறது. "ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, அப்புறம் எப்படி உருகியது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஸ்க்ரூவை இறுக்கினால் மட்டும் போதாது. ஒருமுறை சூடேறிய செம்பு கறுத்திருக்கும், உருகிய ஹோல்டர் மறுபடி பிடிப்பாக நிற்காது. ஹோல்டரை மாற்றுங்கள், வயரின் கறுத்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிய முனை எடுங்கள். முனைக்கு லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) போடும்போது அதை அழுத்திப் பிடிக்க வைக்கும் சரியான கிரிம்பிங் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டிய லக், கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் இரண்டையும் இழுத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஈயம் மட்டும் ஊற்றிய லக்கும் வேண்டாம். சாதாரண ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும், சூடேறும் இணைப்பில் அது கழன்று வயர் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று. ஆம்ப்பின் டெர்மினலில் ஸ்க்ரூவால் அழுத்திப் பிடித்த வயர், மாட்டிய சில நாட்களில் தானாகவே லூஸாகும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அழுந்திப் படிந்துவிடுவதுதான் காரணம். மாட்டிய ஒரு வாரத்தில் எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள்.

### வயர் முழு நீளத்துக்கும் சூடாகிறது

வயர் மெலிது. அல்லது பெயருக்குத்தான் அது செம்பு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது எட்டாது. (வெளியே வெள்ளி நிறம், உள்ளே செம்பு என்றால் அது ஈயம் பூசிய செம்பு. நல்லது, பயப்பட வேண்டாம்.) கையில் இருப்பது அலுமினியம் என்றால் ஒரு படி தடித்த வயருக்குப் போங்கள், ஃபியூஸை அப்படியே சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைக் கூப்பிடும் இடம்: வண்டியின் சொந்த வயர்க்கட்டு உருகியிருந்தால், ஆம்ப் வயர் உருகிப் பக்கத்து வயர்களோடு ஒட்டியிருந்தால், அல்லது எங்கிருந்து வாடை வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் வண்டியை ஓட்டாதீர்கள். நெகட்டிவைக் கழற்றிய நிலையிலேயே ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.

## அறிகுறி: ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

எப்போது போகிறது என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

### மாட்டிய நொடியிலேயே போகிறது

ஃபியூஸ்களை வீணாக்க வேண்டாம். இண்டிகேட்டர் பல்பை எடுத்து ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அதன் இரு வயர்களையும் இணையுங்கள். ஸ்டீரியோ ஆஃபில் இருக்கட்டும். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் எல்லாம் சரி, ஆம்ப்புக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பியிருக்கின்றன. அணையாமல் பிரகாசமாக எரிந்தால் எங்கேயோ ஷார்ட். பல்பு நடுவில் இருப்பதால் ஓடுவது இரண்டு ஆம்பியருக்குள்தான், நிதானமாகத் தேடலாம்.

இப்போது ஆம்ப்பிலிருந்து பாசிட்டிவ் வயரைக் கழற்றி, அதன் முனையில் டேப் சுற்றுங்கள். பல்பு இன்னும் எரிகிறதா? வயர் வழியில் எங்கோ பாடியைத் தொடுகிறது. முதலில் என்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் வயர் நுழையும் தகட்டுத் துளையைப் பாருங்கள். ரப்பர் புஷ் இல்லாமல் வெறும் தகடு வழியாக இழுத்திருந்தால் அதுதான் இடம். அடுத்தது சீட் தண்டவாளம், அதற்கடுத்தது கதவடியில் போகும் பிளாஸ்டிக் மூடியின் ஸ்க்ரூ.

பல்பு அணைந்துவிட்டதா? வயர் நல்லது, கோளாறு ஆம்ப் பக்கம். பாசிட்டிவும் எர்த்தும் (பாடியில் கட்டும் நெகட்டிவ் வயர்) மாறி மாட்டப்பட்டதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பெரும்பாலான ஆம்ப்களில் உள்ளே ஒரு டயோடு தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும், ஃபியூஸ் உடனே போகும். சரியாக மாட்டிய பிறகும் பல்பு எரிந்தால் ஆம்ப்பின் உள்ளே பவர் சப்ளை ஷார்ட் ஆகியிருக்கிறது. அது பெஞ்சில் பிரித்துப் பார்க்கும் வேலை.

### ஸ்டீரியோவை ஆன் செய்தவுடன் போகிறது

ஸ்பீக்கர் வயர்கள் எல்லாவற்றையும் ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். ஃபியூஸ் நின்றால் ஸ்பீக்கர் வயரிலோ ஸ்பீக்கரிலோ ஷார்ட். நிற்காவிட்டால் ஆம்ப் உள்ளே.

### சத்தம் கூட்டினால் மட்டும் போகிறது

முதலில் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். லூஸ் ஹோல்டரின் சூட்டிலேயே ஃபியூஸ் தன் அளவுக்கு முன்பாக உருகிவிடும். அடுத்து ஸ்பீக்கர்களின் மொத்த ஓம், அதைக் கீழே புரொடெக்ட் (ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும் நிலை) பகுதியில் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் ஃபியூஸ் சிறிதா என்ற கேள்வி. ஆம்ப்பில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டினால் அது எடுக்கக்கூடிய கரன்ட் தெரியும். ஃபியூஸ் வெளியே தெரியாத ஆம்ப் என்றால் கணக்குப் போடுங்கள். உண்மையான 1000 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறனில், 13.8 வோல்டில் சுமார் 90 ஆம்பியர் எடுக்கும். அதே 1000 வாட், திறன் குறைந்த கிளாஸ் ஏபி வகை என்றால் 130 ஆம்பியருக்கு அருகில். இந்த எண் வயர் தாங்கும் அளவுக்கு மேல் போனால் வயரையும் ஃபியூஸையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஃபியூஸை மட்டும் பெரிதாக்குவது கூடாது.

### எப்போதாவது போகிறது, காரணமே தெரியவில்லை

இதுதான் ஆளை அலைக்கழிக்கும் வகை. ஒரு வண்டியில் இரண்டு முறை ஆம்ப்பையே மாற்றிவிட்டார்கள், அதன் பிறகும் மாதம் ஒருமுறை ஃபியூஸ் போனது. ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேட்டேன். முன்சீட்டில் உயரமான ஒருவர் உட்கார்ந்த நாட்களில்தான் போகிறது என்று தெரிந்தது. அவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளுவார். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் சீட் தண்டவாளத்துக்கு அடியில் பவர் வயர், அதன் மேல் ஒரு நகம் அளவுக்கு உறை கிழிந்திருந்தது. நல்ல வேளையாக ஃபியூஸ் சரியான அளவில் இருந்தது. அதனால் இப்படிப்பட்ட வண்டி வந்தால் பல்பை ஃபியூஸ் இடத்தில் வைத்துவிட்டு சீட்டை முன்னும் பின்னும் தள்ளுங்கள், கதவுகளைத் திறந்து மூடுங்கள், டிக்கியை ஏற்றி இறக்குங்கள், வயரை அடிக்கு அடி அசைத்துப் பாருங்கள். பல்பு ஒருமுறை மின்னினால் போதும்.

ஆளைக் கூப்பிடும் இடம்: வயரைக் கழற்றியபின் பல்பு அணைகிறது, ஆம்ப்பை இணைத்தால் எரிகிறது என்றால் ஆம்ப் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

## அறிகுறி: ஆம்ப் ஆன் ஆகவே இல்லை

மீட்டரை டிசி வோல்டில் வையுங்கள். ஸ்டீரியோவை ஆன் செய்துவிட்டு, கறுப்பு முனையை ஆம்ப்பின் எர்த் டெர்மினலில் வைத்து, சிவப்பு முனையால் பாசிட்டிவ் டெர்மினலையும் ரிமோட் டெர்மினலையும் (ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்ப்பை எழுப்பும் சிறு வயர் வரும் இடம்) தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்டை ஒட்டி வர வேண்டும்.

பாசிட்டிவில் ஒன்றுமில்லை என்றால் கறுப்பு முனையை மட்டும் எடுத்துப் பெயின்ட் இல்லாத பாடித் தகட்டில் வையுங்கள். இப்போது 12 வந்தால் எர்த் வயர் அறுந்திருக்கிறது அல்லது லூஸ். இப்போதும் வராவிட்டால் மெயின் ஃபியூஸ். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். அதன் இரு பக்கமும் மீட்டர் வைத்து, இரண்டிலும் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

பாசிட்டிவ் சரி, ரிமோட்டில் மட்டும் இல்லை என்றால் ஸ்டீரியோவுக்குப் பின்னால் போக வேண்டும். பெரும்பாலான ஸ்டீரியோக்களில் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர்தான் ஆம்ப்புக்கு. முழு நீலம் ஆன்டெனாவுக்கு. சிலவற்றில் இந்த முழு நீலம் ரேடியோ ஓடும்போது மட்டும் உயிர் பெறும். "ரேடியோவில் பாடுகிறது, புளூடூத்தில் பாடவில்லை" என்று யாராவது சொன்னால் நேராக இந்த வயரைப் பாருங்கள். மூன்று நான்கு ஆம்ப்களை ஒரே ரிமோட் வயரில் கட்டியிருந்தால் நடுவில் ஒரு ரிலே (சிறு கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச்) போடுங்கள். அந்த வயர் ஓர் ஆம்பியர்கூட எடுக்கிற வயர் இல்லை.

பாசிட்டிவ், எர்த், ரிமோட் மூன்றும் சரி, ஆனாலும் விளக்குகூட எரியவில்லை என்றால் ஆம்ப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம்.

## அறிகுறி: பாஸ் அடிக்கும்போது அணைந்து அணைந்து எரிகிறது

மெதுவாக வைத்தால் பாடும். சத்தம் கூட்டி, பாஸ் இறங்கும் இடத்தில் ஆம்ப் அணைந்து, ஒரு நொடியில் திரும்ப வரும். இது வோல்டேஜ் விழும் அறிகுறி. பல ஆம்ப்கள் 10 வோல்டை ஒட்டி இறங்கினால் தாமாக நின்றுவிடும். எங்கே விழுகிறது என்று அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் ஆம்ப் உழைக்கும்போதே அளக்க வேண்டும். வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். என்ஜின் ஓடட்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலிப்பதிவு ஒன்றைச் சில நொடிகள் மட்டும் ஓட விடுங்கள், பாட்டு வைத்தால் மீட்டர் எண் குதித்துக்கொண்டே இருக்கும். நீண்ட நேரம் ஓட விட்டால் சப்வூஃபரின் (பாஸுக்கான ஸ்பீக்கர்) காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், வெந்துபோகும்.

முதலில் பேட்டரியின் இரு முனைகளில். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வருவது வழக்கம். இங்கேயே 12க்குக் கீழ் விழுந்தால் வயர் வேலையை நிறுத்திவிட்டு, ஹெட்லைட் மங்கும் பகுதிக்குப் போங்கள்.

பேட்டரியில் சரி என்றால் பாசிட்டிவ் பக்கம். ஐந்து மீட்டர் வயரின் ஒரு கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை மீட்டரின் சிவப்பில் இணையுங்கள். கறுப்பை ஆம்ப்பின் பாசிட்டிவ் டெர்மினலில் வையுங்கள். இந்த மெல்லிய வயரிலும் நேரடிப் பேட்டரி கரன்ட்தான் இருக்கிறது. கிளிப் பாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அதிலும் ஓர் ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ஒலி ஓடும்போது மீட்டரில் தெரிவது வழியில் தொலையும் வோல்ட். 0.5க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் துண்டு துண்டாக அளங்கள்: பேட்டரி முனையிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து ஃபியூஸ் உள்முனை, ஃபியூஸின் இரு பக்கம், பிறகு வயர். எந்தத் துண்டு அதிகம் விழுங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

அடுத்து எர்த் பக்கம். பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப்பின் எர்த் டெர்மினலுக்கும் நடுவில் அதே முறையில். 0.2 வோல்டைத் தாண்டினால் எர்த்தைத் திரும்பச் செய்ய வேண்டும். என் கைக்கு வந்த வண்டிகளில் அதிகம் கண்ட குறை இதுதான். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த், பெயின்ட்டின் மேலேயே எர்த், டிக்கியில் ஸ்பாட் வெல்ட் செய்த மெல்லிய பட்டையில் எர்த். சீட் பெல்ட் போல்ட்டை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், அது உயிர் காக்க வைத்தது. வண்டியின் முக்கிய தகட்டில் ஓர் இடம் பார்த்து, உப்புத்தாளால் பெயின்ட்டைப் பளபளவென்று எடுத்து, லக்கை நேராகத் தகட்டில் படும்படி போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் துரு பிடிக்காமல் கிரீஸ் அல்லது பெயின்ட் பூசுங்கள். எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமன், நீளம் அரை மீட்டருக்குள். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள், அங்கே பெட்ரோல் டேங்க்கோ பிரேக் குழாயோ இருக்கலாம்.

எர்த்தை மீட்டரின் ஓம் நிலையில் சோதித்து "0.2 ஓம்தான் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. மீட்டர் வயரின் சொந்தத் தடையே அவ்வளவு இருக்கும். உண்மையில் 0.1 ஓம் இருந்தால்கூட 100 ஆம்பியரில் 10 வோல்ட் காணாமல் போய்விடும். இந்த வேலைக்கு ஓம் அளவை எதையும் சொல்லாது.

## அறிகுறி: சிவப்பு விளக்கு எரிந்து புரொடெக்டில் நிற்கிறது

முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி ஆன் செய்யுங்கள். இன்னும் சிவப்பா? ஸ்டீரியோவிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள்களையும் கழற்றுங்கள். பவர், எர்த், ரிமோட் மூன்றே இருக்கும்போதும் சிவப்பு என்றால் ஆம்ப் உள்ளே கெட்டிருக்கிறது, மெக்கானிக்.

ஸ்பீக்கரைக் கழற்றியதும் பச்சைக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு ஜோடியாகச் சோதியுங்கள். ஆம்ப்பிலிருந்து விடுபட்ட ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டர் எந்தத் தொடர்பையும் காட்டக் கூடாது. கதவு மடங்கும் இடத்தில் உறை தேய்ந்து பாடியைத் தொடுவது அடிக்கடி நடப்பது. பிறகு ஜோடியின் இரு வயர்களுக்கு நடுவில் ஓம் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.7 வரை காட்டும், அது சரிதான். ஓர் ஓமுக்குக் கீழே போனால் காயில் வெந்திருக்கிறது, அல்லது இணைத்த முறை தவறு. இரட்டைக் காயில் (ஒவ்வொன்றும் 4 ஓம்) கொண்ட சப்வூஃபர் இரண்டை முழுக்க பேரலலில், அதாவது எல்லா பிளஸ்ஸும் ஒன்றாக, எல்லா மைனஸும் ஒன்றாகக் கட்டினால் ஓர் ஓம்தான் மிஞ்சும். 2 ஓம் காயில் என்றால் அரை ஓம். ஆம்ப் எவ்வளவு தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பிரிட்ஜ் செய்து (இரண்டு சேனல்களை ஒன்றாக இணைத்து) ஓட்டும்போது அந்த எல்லை இன்னும் உயரும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

## அறிகுறி: பாஸ் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது

பேட்டரியின் கிளாம்ப்களைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். என்ஜின் அணைத்துச் சில மணி நேரம் கழித்து பேட்டரி 12.6 வோல்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழ் என்றால் பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் செய்து சோதித்த பிறகே மேலே போக வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்று வயர்கள்: ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது) பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடி, என்ஜினிலிருந்து பாடி. வண்டி செய்தவர்கள் தங்கள் தேவைக்கு மட்டும் அளந்து போட்டவை இவை. தடித்த செம்பு வயர் கூடுதலாகப் போட்டால் பல வண்டிகளில் மங்கல் கண்கூடாகக் குறையும். ஆல்டர்னேட்டர் வயருக்கும் ஃபியூஸ் உண்டு. பேட்டரி நெகட்டிவில் சிறிய சென்சார் பெட்டி இருந்தால் எர்த்தை நேராகப் பேட்டரி முனையில் கட்டாமல் பாடியில் கட்டுங்கள், இல்லையென்றால் சென்சார் கணக்குத் தவறும்.

கெப்பாசிட்டர் வாங்கி மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது ஒரு கணத்துக்கு உதவும், மின்சாரத்தை உற்பத்தி செய்யாது. ஏற்கனவே இருந்தால், கழற்றி மாட்டும்போது அந்த 21 வாட் பல்பு வழியாகவே நிரப்புங்கள், அதன் வழியாகவே காலி செய்யுங்கள்.

ஆளைக் கூப்பிடும் இடம்: எல்லா இணைப்பும் இறுக்கம், பேட்டரி நல்லது, ஆனாலும் வோல்டேஜ் 12 வரை இறங்குகிறது என்றால் ஆல்டர்னேட்டருக்கு அந்தச் சுமை அதிகம், அல்லது அதுவே தேய்ந்திருக்கிறது. ஐட்லிங்கில் அது தன் முழு அளவைத் தருவதும் இல்லை. பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டுவது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதுவரை சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள்.

## அறிகுறி: ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறும் ஊளை

ஆம்ப்பை அணைத்து ஆர்சிஏ கேபிள்களைக் கழற்றி, திரும்ப ஆன் செய்யுங்கள். ஊளை தொடர்ந்தால் ஆம்ப்பின் எர்த், மேலே சொன்ன 0.2 வோல்ட் சோதனையைச் செய்யுங்கள். ஊளை நின்றால் அது கேபிள் வழியாக முன்னாலிருந்து வருகிறது. கேபிளை வழக்கமான பாதையிலிருந்து எடுத்து, சீட்டுகளின் மேலாக விட்டுப் பாருங்கள். போய்விட்டால் கேபிள் பவர் வயருக்குப் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது. வண்டியின் ஒரு பக்கம் பவர், மறுபக்கம் ஆர்சிஏ என்று பிரித்துவிடுங்கள்.

அதிலும் போகவில்லை என்றால் ஸ்டீரியோவின் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் ஸ்டீரியோவின் உலோகப் பெட்டிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். சில ஸ்டீரியோக்களில் அந்தப் பாதையில் கடுகு அளவு ஃபியூஸ் ஒன்று இருக்கும். ஆம்ப்பின் எர்த் லூஸானால் அந்தக் கரன்ட் முழுவதும் ஆர்சிஏ உறை வழியாகத் திரும்பப் பார்க்கும், இந்தச் சிறு ஃபியூஸ் போய்விடும். எர்த்தைச் சரி செய்யாமல் ஸ்டீரியோவை மட்டும் பழுது பார்த்தால் அது மறுபடியும் போகும். இரைச்சல் வடிகட்டி மாட்டுவது கடைசி வழி, அது பாஸையும் கொஞ்சம் தின்றுவிடும்.

## அறிகுறி: சத்தம் உடைகிறது, ஆம்ப் கொதிக்கிறது

காற்றோட்டத்தைப் பாருங்கள். கார்பெட்டில் புதைத்த ஆம்ப், துணிமூட்டைக்கு அடியில் இருக்கும் ஆம்ப் இரண்டும் கொதிக்கத்தான் செய்யும்.

அடுத்தது கெயின். அது சத்தத்தைக் கூட்டும் திருகு இல்லை. ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, சப்வூஃபர் ஆம்ப்புக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விடுங்கள். ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்டை அளந்தபடி கெயினை மெல்ல ஏற்றுங்கள். எத்தனை வோல்டில் நிறுத்துவது? வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். அதே 500 வாட், 4 ஓம் என்றால் 44.7. அந்த எண்ணைத் தொட்டதும் திருகிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

வண்டியை அணைத்துப் பூட்டிய பிறகு ஜன்னல் வழியாக ஆம்ப்பின் விளக்கைப் பாருங்கள். எரிந்துகொண்டிருந்தால் ரிமோட் வயரை எப்போதும் கரன்ட் இருக்கும் இடத்தில் இணைத்துவிட்டார்கள்.

விளக்கு அணைந்துதான் இருக்கிறது என்றால், ஓர் இரவு ஆம்ப்பின் மெயின் ஃபியூஸை எடுத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் வண்டி கிளம்பினால் கசிவு ஆம்ப் பக்கம், கிளம்பாவிட்டால் வேறு எங்கோ. எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அதற்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் தொடராக மாட்டுங்கள். வண்டியின் கணினிகள் தூங்க அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம், காத்திருங்கள். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினாலோ ஸ்டார்ட் செய்தாலோ மீட்டர் போய்விடும். தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு. அதற்கு மேல் இருந்து, ஆம்ப்பின் ஃபியூஸை எடுத்ததும் சட்டென்று இறங்கினால் ஆம்ப்பைப் பார்க்க வேண்டும்.

ஃபியூஸை எடுத்தும் இறங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு, தூங்காத ஏதோ ஒரு கன்ட்ரோல் யூனிட், அல்லது வேறு ரிலே. இங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். போகும்போது தூங்கிய பிறகு வந்த மில்லி ஆம்பியர் எவ்வளவு, ஃபியூஸை எடுத்த பிறகு எவ்வளவு, பேட்டரி இரவில் எவ்வளவு, காலையில் எவ்வளவு என்று நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் ஆம்ப்பைக் கழற்றுவதில் அரை நாளைச் செலவிட மாட்டார், நேராக ஆல்டர்னேட்டரிலிருந்து தொடங்குவார்.